போர்விளையாட்டு உருவங்களுக்கு வண்ணமும் அடித்தளமும்: நேட்டால் மண்ணிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சிறு பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர்விளையாட்டின் உருவங்களுக்கு வண்ணம் தீட்ட விரும்புவோருக்குக் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உருவானவை. கத்தி பிடிப்பதிலிருந்து வார்னிஷ் பூசுவது வரை கைவேலையை அவை நன்றாகவே கற்றுத்தருகின்றன. ஆனால் 1879-ஆம் ஆண்டின் ஆங்கிலேய–சூலுப் போரையோ டச்சு வழிவந்த போயர்களோடு ஆங்கிலேயருக்கு 1899-இல் மூண்ட போயர் போரையோ தன் மேசையில் நிறுத்திப் பார்க்க நினைக்கும் டர்பன் தமிழருக்கு இரண்டு இடங்களில் அவை போதுவதில்லை. கருந்தோலில் வெளிச்சம் எப்படி விழும் என்பது ஒன்று. டர்பனை உள்ளடக்கிய தென்னாப்பிரிக்கக் கிழக்குப் பகுதியான நேட்டாலின் மண்ணும் புல்லும் எந்த மாதத்தில் எந்த நிறத்தில் இருக்கும் என்பது மற்றொன்று. ஓர் உருவம் உயிர்பெறுவது இந்த இரண்டில்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே மற்றப் படிகளைத் தேவையான அளவு சொல்லிவிட்டு, இவ்விரண்டிலும் நின்று நிதானமாகப் பேசப்போகிறேன்.

எந்த அளவு, எந்தப் பொருள்

கடையில் அதிகம் கிடைப்பது 28 மில்லிமீட்டர் அளவு. தரையிலிருந்து கண்மட்டம் வரை ஏறத்தாழ அவ்வளவு உயரம். முகத்தில் கண்ணும் உதடும் தெரியும். விரல்களைப் பிரித்துத் தீட்டலாம். பெரும்படையை நிறுத்த வேண்டுமென்றால் 15 மில்லிமீட்டர், அதற்கும் கீழே 6 மில்லிமீட்டர் உண்டு. முதல்முறை தூரிகை எடுப்பவர் 28-இலேயே தொடங்குவது நல்லது.

உருவங்கள் மூன்று பொருள்களில் வருகின்றன: கடினப் பிளாஸ்டிக், ரெசின், உலோகம். பிளாஸ்டிக்குக்கு அதற்கென உள்ள பிளாஸ்டிக் சிமென்ட் வாங்குங்கள். அது பரப்பைக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக உருக்கிவிடும். உலோகத்துக்கும் ரெசினுக்கும் சூப்பர் குளூ. மாற்றிப் பயன்படுத்தினால், உலோகத்தில் பிளாஸ்டிக் சிமென்ட் ஒட்டவே ஒட்டாது.

சுத்தம் செய்தல்

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் உருவத்தின் மீது மெல்லிய கோடு ஓடும். கத்தியின் கூர்முனையால் வெட்டாமல், அலகை நிமிர்த்திப் பிடித்து அந்தக் கோட்டின் மீது மெல்லச் சுரண்டுங்கள். தோள், தொடை, துப்பாக்கிக் குழல் ஆகிய இடங்களைத் தவறாமல் பாருங்கள். வண்ணம் ஏறாத நிலையில் கண்ணுக்குத் தெரியாத கோடு, பள்ளங்களில் தங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணமான வாஷ் பூசியதும் கறுத்து எழுந்து நிற்கும்.

ரெசினையும் உலோகத்தையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதாக விடுபடப் பூசிய எண்ணெய்ப்பசை அதில் இருக்கும். அது இருந்தால் வண்ணம் உரிந்துவரும். ரெசினை ராவும்போது நனைத்து ராவுங்கள், முகமூடி அணியுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பழைய உலோக உருவங்களில் ஈயம் கலந்திருக்கும். வேலை முடிந்ததும் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. சிறுபிள்ளைகளிடம் கொடுக்கவும் கூடாது.

மணலை இப்போதே அடித்தளத்தில் ஒட்டிவிடுவது எனக்குப் பிடித்த முறை. பிரைமர் மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மணலைப் பற்றிப் பின்னால் விரிவாக வருகிறது.

பிரைமரும் டர்பன் காற்றும்

வண்ணம் பிடித்து நிற்பதற்கான முதல் பூச்சு பிரைமர். டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, நிறுத்தி நிறுத்தி, கையை நகர்த்திக்கொண்டே தெளிக்க வேண்டும். ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் முகத்தின் நுணுக்கங்கள் மூழ்கிவிடும்.

இதுவரை எல்லா ஊருக்கும் பொது. டர்பனில் டிசம்பர் முதல் மார்ச் வரை காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். அந்த ஈரத்தில் தெளிப்பு வண்ணம் மங்கிப் பால்படிந்து காயும். குளிர்காலத்தின் இறுதியில் உள்நாட்டு மலைப்பக்கத்திலிருந்து வெப்பமான உலர்காற்று இறங்கும் நாள்களோ நேர்மாறு. துளிகள் உருவத்தைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, சொரசொரப்பான தூளாகப் படியும். கொடியில் போட்ட துணி இதமாகக் காயும் நாளே தெளிப்பதற்கு ஏற்ற நாள். நிழலில், திறந்தவெளியில் செய்யுங்கள். பருவம் ஒத்துவராவிட்டால் தூரிகையால் பூசும் பிரைமரை வாங்கி வீட்டுக்குள்ளேயே இரண்டு மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். கோடைக்கால டர்பனில் நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

சூலு வீரர்களுக்கு அடர்பழுப்புப் பிரைமர் எடுத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். சிவப்புக் கோட்டு அணிந்த ஆங்கிலேயச் சிப்பாய்களுக்குக் கறுப்பை முழுவதும் தெளித்து, காய்ந்தபின் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளையை லேசாகத் தெளியுங்கள். உச்சி வெயில் எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்ற வரைபடம் உருவத்தின் மீதே கிடைத்துவிடும்.

வண்ணம், தூரிகை, ஈரத்தட்டு

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்களே போதும். வயேஹோ, சிட்டடெல், ஆர்மி பெயின்டர் என எந்த நிறுவனத்தினுடையதானாலும் சரி, குப்பியிலிருந்து எடுத்ததை அப்படியே பூசாதீர்கள். தண்ணீர் சேர்த்து நீர்மோர் பதத்துக்குக் கொண்டுவந்து, ஒரு தடித்த பூச்சுக்குப் பதில் இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாகக் கொடுங்கள்.

தூரிகையைப் பொறுத்தவரை நுனி கூராக நிற்கும் இரண்டாம் எண் வட்டத் தூரிகை ஒன்று, சிறியது ஒன்று, உலர்பூச்சுக்குத் தேய்ந்த பழையது ஒன்று. கண் தீட்ட மிகமிகச் சிறிய தூரிகை வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. அதில் ஏறும் துளி வண்ணம் உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். வண்ணம் தூரிகையின் உலோகக் கழுத்து வரை ஏறவிடாதீர்கள். அங்கே காய்ந்தால் மயிர் பிளந்துகொள்ளும்.

ஈரத்தட்டை வீட்டிலேயே செய்யலாம். மூடியுள்ள சாப்பாட்டு டப்பாவில் மெல்லிய ஸ்பாஞ்சை நனைத்து வைத்து, அதன்மேல் கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாளை விரித்தால் முடிந்தது. தாளின் மேல் வண்ணம் மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம், லெனேசியாவில் இருப்பவர்களுக்கு இது இல்லாமல் முடியாது. அந்த மேட்டுநிலத்தின் வறண்ட குளிர்காலத்தில் சாதாரணத் தட்டில் வைத்த வண்ணம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல்கட்டிவிடும். டர்பனில் கவனிக்க வேண்டியது வேறு. மூடி வைத்த ஈரத்தட்டில் சில நாள்களில் பூஞ்சை பிடிக்கும், ஆகவே ஸ்பாஞ்சை அடிக்கடி அலசிக் காயப்போடுங்கள்.

மின்வெட்டுக்கு முன்னேற்பாடாகச் சார்ஜ் செய்யும் விளக்கு ஒன்றை மேசையில் வைத்திருப்பது நல்லது. வெண்மையான ஒளி தருவதாகப் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் தீட்டிய பழுப்பு, பகலில் வேறொரு பழுப்பாகத் தெரியும்.

தோல்

அடிப்படை வண்ணம், அதன்மேல் அடர்ந்த வாஷ், பிறகு அடிப்படை வண்ணத்தில் வெள்ளை கலந்து ஒளியேற்றம்: வழக்கமாகச் சொல்லித்தரும் முறை இது. வெளிர்தோலுக்கு இது பொருந்திவிடும். கருந்தோலில் வெள்ளை கலந்தால் முகம் சாம்பல் பூசியதுபோல் வெளுத்து, நோயாளித் தோற்றம் வந்துவிடும். நம் தாத்தா, மாமா, அக்கம்பக்கத்துச் சூலு நண்பர் யாரையாவது வெயிலில் நிற்கவைத்து உற்றுப் பாருங்கள். ஒளிபடும் கன்னமேட்டில் வெண்மை இருக்காது. செம்பும் தேனும் கலந்த வெப்பமான நிறம் இருக்கும். நிழலில் வெறும் கறுப்பு இருக்காது. நீலமும் ஊதாவும் கலந்த ஆழம் இருக்கும். ஒளியில் வெப்பம், நிழலில் குளிர்ச்சி. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும்.

செய்முறை இதுதான். அடர்பழுப்பில் சிறிது சிவப்பைக் கலந்து அடிப்படையாக இரண்டு மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். காய்ந்ததும், அடர்பழுப்பில் ஒரு துளி நீலம் அல்லது ஊதா சேர்த்து நன்கு நீர்த்து, கண்குழி, தாடையின் கீழ், அக்குள், தசைகளுக்கிடையே உள்ள பள்ளங்களில் மட்டும் ஓடவிடுங்கள். உருவம் முழுவதையும் நனைக்க வேண்டாம். அடுத்து, அடிப்படை வண்ணத்தில் ஆரஞ்சு கலந்த பழுப்பைச் சேர்த்து நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு, தோள்பட்டை, மார்பு, முழங்கால் ஆகிய இடங்களுக்கு ஏற்றுங்கள். கடைசி ஒளிக்கு வெள்ளையைத் தொடாமல், தோல்பை நிறமான மஞ்சள்கலந்த பழுப்பை மிகச் சிறிய அளவில் மூக்குநுனி, கீழுதடு, விரல்மூட்டுகளில் வையுங்கள்.

உள்ளங்கையும் பாதத்தின் அடியும் வெளிர்ந்து, இளஞ்சிவப்பு கலந்திருக்கும். ஓடும் நிலையில் பாதத்தைத் தூக்கியிருக்கும் வீரனுக்கு இதைச் செய்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே உருவம் உண்மையாகத் தோன்றும். கண்ணுக்குத் தூய வெள்ளை வேண்டாம். வெண்மையில் சிறிது பழுப்பு கலந்து மெல்லிய கோடாக இழுத்து, நடுவில் கரும்புள்ளி. பல உருவங்களில் கண்ணை நிழலாகவே விட்டுவிட்டாலும் குறை தெரியாது.

எல்லோருக்கும் ஒரே கலவையைப் பூசுவது பெரிய தவறு. இருபது பேர் கொண்ட குழுவுக்கு மூன்று அடிப்படைக் கலவைகளாவது வேண்டும்: ஒன்று செம்மை கூடியது, ஒன்று கறுப்பு கூடியது, ஒன்று மாநிறம். அவர்களைக் கலந்து நிறுத்துங்கள்.

கேடயமும் செங்கோட்டும்

சூலுப் படையில் கேடயத்தின் நிறத்துக்குப் பொருள் உண்டு. மணமான, மூத்த பிரிவினர் வெள்ளை அல்லது பெரும்பகுதி வெள்ளைக் கேடயங்களையும், இளம் பிரிவினர் கறுப்பு அல்லது அடர்நிறக் கேடயங்களையும் ஏந்தினார்கள். 1879-க்குள் இந்த ஒழுங்கு ஓரளவு தளர்ந்திருந்ததால், ஒரே பிரிவுக்குள் சிறு வேறுபாடுகள் இருக்கலாம். மூத்தவர்களின் தலையில் மணமானவர்க்குரிய கரிய வளையம் இருக்கும். கேடயத்தையும் தலையையும் பொருத்தமாகச் சேர்த்து ஒட்டுங்கள். இளைஞன் தலையோடு வெள்ளைக் கேடயம் நின்றால் விவரம் தெரிந்தவர் கண்ணை அது உறுத்தும்.

கேடயம் மாட்டுத்தோல். ஆகவே புள்ளிகளை வட்டவட்டமாக வைக்காமல், ஓரம் ஒழுங்கற்ற திட்டுகளாக வையுங்கள். திட்டின் விளிம்பில் மயிர்போன்ற சிறு கோடுகளை இழுத்தால் தோல் என்பது தெரியும். நடுவே இரு வரிசையாக ஓடும் தோல்வார்ப் பின்னலை எதிர்நிறத்தில் தீட்டுங்கள்.

ஆங்கிலேயச் சிப்பாயின் சிவப்புக் கோட்டுக்கு நிழலாகக் கறுப்பைச் சேர்க்காமல் அடர்பழுப்பையும், ஒளியாக வெள்ளையைச் சேர்க்காமல் ஆரஞ்சையும் பயன்படுத்துங்கள். வெள்ளை கலந்தால் கோட்டு இளஞ்சிவப்பாகிவிடும். 1879 போரில் சூலுக்கள் ஆங்கிலேயரை முறியடித்த இசாண்ட்ல்வானாவில் நின்ற 24-ஆம் காலாட்படைக்குக் கைப்பட்டையும் கழுத்துப்பட்டையும் பச்சை. தலைக்கவசத்தைப் பளீரென்ற வெள்ளையாக விடாதீர்கள். எதிரியின் கண்ணில் படாமலிருக்க அதைத் தேநீர் போன்றவற்றால் கறைப்படுத்திக்கொண்டார்கள். வெளிர்பழுப்பில் திட்டுத்திட்டாகத் தீட்டினால் சரியாக வரும்.

நம்மவர்கள்: சுமந்தவர்களை மேசையில் நிறுத்துதல்

சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பரில் டர்பன் வந்துசேர்ந்த ட்ரூரோ கப்பலோடு நேட்டாலுக்குத் தமிழரின் ஒப்பந்தக்கூலி வரவு தொடங்கியது. போயர் போரில் அந்த மக்களும் அவர்கள் பிள்ளைகளும் களத்தில் இருந்தார்கள். 1899 டிசம்பரில் காந்தி அமைத்த நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் சுமார் 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கொலென்சோ, ஸ்பியோன் கோப் போர்க்களங்களில் காயமடைந்தவர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்து பல மைல் நடந்தார்கள். போர் மேசையில் துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டுமே நிற்பதை நான் ஏற்பதில்லை. ஸ்பியோன் கோப் விளையாடும் ஒவ்வொரு தமிழரின் மேசையிலும் இந்தச் சுமந்தவர்கள் இருக்க வேண்டும்.

இவர்களை உருமாற்றிச் செய்வது கடினமல்ல. அந்தக் காலக் கோட்டும் கால்சட்டையும் அணிந்த குடிமக்கள் உருவங்களையோ, ஆயுதம் தனியாக ஒட்டும் பிளாஸ்டிக் சிப்பாய்களையோ எடுத்து, கைகள் கீழே தொங்கும்படி ஒட்டுங்கள். இரண்டு பாகங்களைப் பிசைந்து கலக்கும் எபாக்சிப் புட்டி என்ற களிம்பில் தொப்பிகளையும் தலைப்பாகைகளையும் செய்யலாம். தலைப்பாகைக்குப் புட்டியை நூல்போல் உருட்டி, தலையைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் படியவைத்து, நனைத்த ஊசியால் மடிப்புக்கோடு கீறுங்கள். ஊசி ஈரமாக இல்லாவிட்டால் புட்டி அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். ஸ்ட்ரெச்சருக்கு இரண்டு பல்குச்சிகள், அவற்றின் மேல் தண்ணீர் கலந்த மரப்பசையில் நனைத்த மெல்லிய டிஷ்யூ தாள். காயும்போது நடுவில் ஒரு கனத்தை வைத்து அழுத்தினால், ஆள் படுத்த பாரத்தில் துணி தொய்ந்திருப்பது தெரியும்.

கைப்பட்டையில் செஞ்சிலுவை. முதலில் வெள்ளைப்பட்டை, காய்ந்தபின் சிவப்பில் ஒரு நிலைக்கோடு, ஒரு குறுக்குக்கோடு. கோடு தடித்துவிட்டால் வெள்ளையால் ஓரத்தை வெட்டிச் சீராக்கிக்கொள்ளலாம்.

அடித்தளம்: மண், புல், மாதம்

தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் முகத்துக்கு முன்பே படுவது அடித்தளம். ஒற்றை உருவத்துக்கு 25 மில்லிமீட்டர் வட்டம் வசதி. குழுவாக நகர்த்தும் விளையாட்டு என்றால் சதுரத் தட்டில் பலரைச் சேர்த்து நிறுத்தலாம்.

முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள். ஆப்பிரிக்கா என்றாலே காய்ந்த மஞ்சள் புல் என்று நினைத்துச் செய்யப்பட்ட இசாண்ட்ல்வானா மேசைகளை நிறையப் பார்க்க முடிகிறது. இசாண்ட்ல்வானாப் போர் நடந்தது 1879 ஜனவரி 22. இங்கே அது கோடை மழைக்காலம். நாம் தைப்பூசக் காவடி எடுக்கும் பருவம். புல் பச்சையாக, உயர்ந்து நிற்கும். அதே நாளில் தொடங்கிய ரோர்க்ஸ் டிரிஃப்ட்டுக்கும், 1900 ஜனவரி 24-இன் ஸ்பியோன் கோப்புக்கும் அதே பச்சைதான். மாறாக உலுண்டிப் போர் 1879 ஜூலை 4. அது வறண்ட குளிர்காலம். வைக்கோல் நிறமும், செம்புல்லின் துருச்சிவப்பும் அங்கேதான் பொருந்தும். கற்றாழையின் செம்மஞ்சள் பூக்களும் குளிர்காலத்தவை. உலுண்டியில் பூத்த கற்றாழை வையுங்கள். இசாண்ட்ல்வானாவில் பூவில்லாத கற்றாழை வையுங்கள்.

மண்ணுக்கும் இதே அக்கறை வேண்டும். டர்பனின் பெரேயா மேட்டில் கிடைக்கும் செம்மணல், இரும்பு ஆக்சைடு படிந்த பழைய மணற்குன்றுகளின் மணல். அதன் நிறம் நம் கண்ணில் ஊறியது. போர்க்களங்கள் இருக்கும் உள்நாட்டிலோ பழுப்பு கூடும், கல் மிகும். அதனால் சிவப்பைக் குறைத்துப் பூசுங்கள். ஸ்பியோன் கோப்பின் உச்சி பாறை. அகழி ஆழமாக வெட்ட முடியாமல்தான் ஆங்கிலேயர் அங்கே சிக்கினார்கள். அந்த அடித்தளங்களில் மண்ணைவிடக் கல்லே மேலோங்கியிருக்க வேண்டும். இசாண்ட்ல்வானாவில் மழைநீர் அரித்த டோங்காப் பள்ளம் ஒன்றை அரணாக்கி ஆங்கிலேயப் படையதிகாரி டர்ன்ஃபோர்டின் ஆட்கள் போரிட்டார்கள். கார்க் தகட்டை உடைத்து இரு படிகளாக ஒட்டினால் அந்தக் கரை கிடைத்துவிடும்.

இனி வேலை. ஆற்றுமணலைச் சலித்து, பெருமணல், சிறுமணல், ஒன்றிரண்டு கூழாங்கற்கள் எனக் கலந்துகொள்ளுங்கள். அடுப்பு ஓவனில் சூடாக்கி ஆறவைத்தால் ஈரமும் பூச்சியும் போய்விடும். மரப்பசையை அடித்தளத்தில் தடவி, மணல் கிண்ணத்தில் அழுத்தி எடுங்கள். ஓர் இரவு காயட்டும். பிறகு தண்ணீர் கலந்த மரப்பசையை மேலே விட்டு மீண்டும் காயவிட்டால் மணல் உதிராது. பிரைமருக்குப் பின் அடர்ந்த செம்பழுப்பைப் பள்ளமெல்லாம் நிரம்பும்படி பூசுங்கள். அடுத்தது உலர்பூச்சு: பழைய தூரிகையில் வெளிர்பழுப்பை எடுத்து, தாளில் தேய்த்துப் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு, மணலின் மேடுகளை மட்டும் உரசிச்செல்லுங்கள். இன்னும் வெளிறிய நிறத்தில் ஒருமுறை, அதைவிட மென்மையாக. கற்களுக்குச் சாம்பலும் பழுப்பும் கலந்த தனி நிறம்.

உயர்ந்த புல்லுக்கு என் தேர்வு தேங்காய் நார். பூசைக்கு உடைத்த தேங்காயின் நாரைப் பிரித்துக் காயவைத்து, சிறு கொத்தாகக் கட்டி, அடியைச் சூப்பர் குளூவில் தோய்த்து ஒரே மட்டமாக வெட்டி நடுங்கள். அதன் இயல்பான நிறம் உலுண்டிக்கு அப்படியே பொருந்தும். ஜனவரிப் போர்களுக்கு நீர்த்த பச்சை மையில் முக்கிக் காயவைக்கலாம். உதிர்ந்த சருகுக்கு ரூய்போஸ் என்ற தென்னாப்பிரிக்க மூலிகைத் தேநீர் இலையைக் கொதிக்கவைத்து வடித்தபின் நன்றாக வெயிலில் காயவைத்துத் தூவுங்கள். மெல்லிய குச்சிகளாக, செம்பழுப்பாகச் சரியான அளவில் இருக்கும். ஈரம் சிறிதளவு இருந்தாலும் பூஞ்சை வரும். கரையான் புற்றை வைக்க விரும்பினால், புட்டியில் கூம்பாகப் பிடித்து, ஈரமாக இருக்கும்போதே மேலே சிறுமணலைத் தூவி, தரையைவிடச் சற்றுச் செம்மை கூட்டித் தீட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே அடித்தளத்தில் திணிக்காதீர்கள். ஒன்றில் புற்று, இரண்டில் கற்றாழை, மற்றவற்றில் மண்ணும் புல்லும் மட்டும். கடைசியாக அடித்தளத்தின் விளிம்பை ஒரே பழுப்பில் சுத்தமாகப் பூசினால் படை முழுவதும் ஒன்றுபட்டு நிற்கும்.

வார்னிஷும் பாதுகாப்பும்

கைபடும் உருவங்களுக்கு வார்னிஷ் கட்டாயம். முதலில் பளபளப்பான வார்னிஷ், அது காய்ந்தபின் மங்கல் வார்னிஷ். முன்னது வலிமை, பின்னது தோற்றம். புல்லையும் நாரையும் வார்னிஷுக்குப் பிறகே ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அவை பொலிவிழக்கும். ஈரக்காற்றில் மங்கல் வார்னிஷைத் தெளித்தால் வெண்படலம் படியும். அப்படிப் படிந்தால் பளபளப்பு வார்னிஷை மேலே பூசிப்பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். கருந்தோலுக்கு மட்டும் கடைசியில் அரைப்பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் தோளிலும் நெற்றியிலும் லேசாகத் தொட்டால், ஓடிவந்தவனின் வியர்வை மினுமினுப்பு வந்துசேரும்.

சூப்பர் குளூவால் ஒட்டியவற்றை உடனே மூடிய பெட்டியில் வைக்காதீர்கள். அதன் ஆவி வெளியேற வழியின்றி வண்ணத்தின் மேல் வெண்படலமாகப் படியும். அடித்தளத்தின் கீழே சிறு காந்தம் ஒட்டி, தகரம் பதித்த பெட்டியில் நிறுத்திவைத்தால் கார்ப் பயணத்தில் ஈட்டிகள் ஒன்றோடொன்று மோதாது. வெயிலில் நிற்கும் காரில் ரெசின் உருவங்களை விட்டுச்செல்ல வேண்டாம், ஈட்டிகள் வளையும். வளைந்த ரெசின் ஈட்டியைச் சுடுநீரில் சில நொடிகள் பிடித்து, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் நிமிர்ந்த நிலையிலேயே இறுகிவிடும்.